டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஸ்டார்ட் ஆகாவிட்டால்: பிளக்கில் தொடங்கி மேக்னட் கீ வரை

டூ ஸ்ட்ரோக் வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது பலரும் கால் ஓயும்வரை கிக்கர் அடிக்கிறார்கள். அது பலிக்கவில்லை என்றால் நேராகக் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பிளக்கைக் கழற்றி அதன் முனையைத் தொட்டுப் பாருங்கள். சோக் போட்டுப் பத்து கிக் அடித்தும் எஞ்சினில் ஒரு சத்தமும் இல்லை என்றால், அதற்கு மேல் அடிக்கும் ஒவ்வொரு கிக்கும் உள்ளே பெட்ரோலைத்தான் சேர்க்கும். பிளக் நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்ற ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இதை நான் படித்தது எங்கள் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியில். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. 98 சிசி, போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. கோவைப் பக்கம் டர்ட், அதாவது மண் தடத்தில் ஓட்டுகிறவர்களில் பலர் ஆர்எக்ஸிலோ சுசுகி ஷோகனிலோதான் ஆரம்பித்தார்கள். எங்கள் வண்டியில் ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் கழற்றியாயிற்று. பின்னால் பெரிய ஸ்ப்ராக்கெட், பட்டன் டயர், நீளமான ஷாக். ஆயில் பம்ப்பையும் எடுத்துவிட்டு, டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிறோம், லிட்டருக்கு 30 மில்லி கணக்கு. ரோட்டில் ஓட்டுவதில்லை. டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போய், தெரிந்தவர் ஒருவரின் செம்மண் காட்டில் இறக்கி ஓட்டுவோம். மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற வண்டியைத் தை பிறந்ததும் வெளியே எடுத்தபோதுதான் அது உயிர் வரமாட்டேன் என்றது. ஒரே கோளாறு என்று நினைத்துத் தேட ஆரம்பித்தோம். உள்ளே ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது.

முதலில் பார்த்தபோது பிளக் சுத்தமாகக் காய்ந்திருந்தது. காய்ந்த பிளக் என்றால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. அப்போது டேங்கிலிருந்து கீழ்நோக்கிச் சோதித்துக்கொண்டே வரவேண்டும். டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்கும்போது காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் மூடியில் உள்ள காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. செம்மண்ணில் ஓட்டும் வண்டிக்கு இது அடிக்கடி வரும். பிறகு கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் டியூபைக் கழற்றி, டேப்பைத் திறந்து, தாரை நிற்காமல் வருகிறதா என்று பாருங்கள். விட்டுவிட்டு வந்தால் டேப்புக்குள் இருக்கும் வலையில் துரு அடைத்திருக்கும்.

எங்களுக்குத் தாரை நன்றாகவே வந்தது. அடுத்து கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதில் இருந்ததை ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தோம். மேலே 2டி ஆயில் நிறத்தில் பெட்ரோல், அடியில் நிறமே இல்லாத வேறொரு அடுக்கு. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஓரளவு வரை அந்தத் தண்ணீர் பெட்ரோலிலேயே கரைந்து கிடக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் அடியில் இருந்துதான் கார்புரேட்டருக்கு வழி, அதனால் முதலில் இறங்குவது இந்த அடித்தண்ணீர்தான். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ஆகவே தப்பித்தவறி வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடினால்கூடப் பிஸ்டனுக்கு ஆயில் போகாது. பழைய பெட்ரோலைத் தயங்காமல் முழுக்க வெளியே எடுத்துவிடுங்கள். புதுப் பெட்ரோலை அதன் தலையில் ஊற்றிக் கலக்குவது எந்த விதத்திலும் லாபம் இல்லை.

பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தோம், ஒரு புள்ளி ஒளிகூடத் தெரியவில்லை. ஸ்டார்ட் ஆகும் வேளையிலும் ஐடிலிங்கிலும் பெட்ரோல் கொடுப்பது இந்தச் சின்ன ஜெட்தான். பெரிய மெயின் ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு இதைத் தொடாமல் மூடுகிறவர்கள் நிறைய. இதன் ஓட்டை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இரும்புக் கம்பி, ஊசி, குண்டூசி எதையும் விடாதீர்கள். ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் ஜெட் வீண். எலக்ட்ரிக் ஒயரைப் பிரித்து ஒற்றைச் செம்பு இழையை மட்டும் விட்டு எடுத்து, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, அப்புறம் காற்று பிடியுங்கள். வட்டமான ஒளி தெரிந்தால் போதும்.

சோக் பற்றி ஒரு விஷயம் இங்கேயே சொல்லவேண்டும். இந்த மிக்குனி கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு இல்லை. தனிப் பாதை ஒன்றில் கூடுதல் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் சின்ன பிளஞ்சர். அந்தப் பாதையில் பெட்ரோல் ஏற வேண்டுமானால் ஆக்சிலேட்டர் மூடியிருக்க வேண்டும். சோக்கைப் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகித் திருகி உதைத்தால் உறிஞ்சும் விசை குறைந்து சோக் வேலையே செய்யாது. குளிர்ந்த எஞ்சின் என்றால் சோக் போட்டு, கையை ஆக்சிலேட்டரில் இருந்து எடுத்துவிட்டு உதைக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பல வண்டிகள் காலையில் அடம்பிடிப்பது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

இதையெல்லாம் செய்து மாட்டியதும் பிளக் நனைய ஆரம்பித்தது. பெட்ரோல் வந்துவிட்டது. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை.

நனைந்த பிளக் என்றால் முதலில் பெட்ரோல் ஓவர் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக் காலிசெய்ய வேண்டும். டேப்பை மூடி, சோக்கை எடுத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு உதையுங்கள். அதிகமாக நனைந்திருந்தால் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு உதைப்பது நல்லது. அப்போது பிளக் கேப்புக்குள் ஒரு பிளக்கை மாட்டி அதைச் சிலிண்டர் ஹெட்டில் நன்றாகத் தொட வைத்திருங்கள். எர்த் இல்லாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு உதைத்தால் ஸ்பார்க் கொடுக்கும் காயிலுக்குக் கெடுதல், சிடிஐ வண்டியில் (மின்னணு முறையில் ஸ்பார்க் வரும் வண்டி) அந்த யூனிட்டே போகலாம். பிளக் ஓட்டையைத் துணியால் மூடி, ஸ்பார்க் பார்க்கும் பிளக்கை அதிலிருந்து தள்ளி வையுங்கள். அந்த ஓட்டையில் இருந்து பெட்ரோல் ஆவி வெளியே அடிக்கும், பக்கத்தில் ஸ்பார்க் வந்தால் பற்றிக்கொள்ளும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஸ்பார்க் மஞ்சளாக, மெலிதாக இருந்தது. நல்ல ஸ்பார்க் நீலமாக, டக் என்ற சத்தத்தோடு வரும். புதுப் பிளக் போட்டு, இடைவெளியை 0.6, 0.7 மி.மீ.க்குள் வைத்தோம். பந்தயக்காரர்கள் சொன்னார்கள் என்று நம்பர் 9 பிளக் போடுகிறவர்கள் உண்டு. என்ஜிகே பிளக்கில் நம்பர் ஏற ஏறக் குளிர்ந்த பிளக் என்று பொருள். முழு வேகத்தில் ஓடும் எஞ்சினுக்குத்தான் அது. காட்டுக்குள் மெதுவாக ஓட்டினால் சூடே ஏறாமல் கரியும் ஆயிலும் படிந்து செத்துப்போகும். அடுத்து ஹேண்டில்பாரில் இருந்து வரும் கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்) ஒயரைக் கழற்றினோம். விழுந்து எழும் வண்டியில் இந்த ஒயர் ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உரசித் தோலுரிந்து ஃபிரேமில் தொடுவது மிகச் சாதாரணம். கழற்றியதும் ஸ்பார்க் வந்தால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. எங்களுக்குப் பாயிண்ட்டிலும், அதாவது திறந்து மூடி ஸ்பார்க்கைக் கிளப்பும் சின்ன சுவிட்சிலும், வேலை இருந்தது. ஆர்எக்ஸ் 100 பாயிண்ட் வண்டி, ஆர்எக்ஸ் 135 போல சிடிஐ கிடையாது. மழை ஈரத்தில் பாயிண்ட் முகத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. மெல்லிய எமரியால் ஒரு இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த அட்டையால் துடைத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மி.மீ.க்குள் வைத்ததும் ஸ்பார்க் நீலமாக வந்தது. சுத்தம் செய்த பிறகும் பாயிண்ட்டிலேயே பொறி பறந்தால், அதோடு இணைந்திருக்கும் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம்.

இப்போது பெட்ரோல் இருக்கிறது, நீல ஸ்பார்க் இருக்கிறது, கிக்கரை அழுத்தினால் கம்ப்ரஷன் காலைத் தாங்கி நிற்கிறது. மூன்றும் இருந்தும் வண்டி உயிர் வரவில்லை. ஒரு தடவை கிக்கர் காலைத் திருப்பி அடித்தது. மறுதடவை சைலன்சரில் டப் என்று வெடித்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கார்புரேட்டர் டியூனிங் என்றார்கள். ஏர் ஸ்க்ரூவைத் திருகாத கை இல்லை. எங்களுக்கு லேத் வேலை செய்து கொடுக்கும் பெரியவர் மட்டும் வண்டியைத் தொடாமல் கேட்டார்: “ஸ்பார்க் வருதுங்கிறீங்க, சரி. எப்ப வருதுன்னு பார்த்தீங்களா தம்பி?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். பிளக்கை ஹெட்டில் வைத்துப் பார்க்கும் சோதனை, ஸ்பார்க் வருகிறதா என்று மட்டும்தான் சொல்லும். பிஸ்டன் எங்கே இருக்கும்போது வருகிறது என்று சொல்லாது. ஆர்எக்ஸ் 100-இல் பிஸ்டன் உச்சிக்கு 1.8 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். அந்தப் பாயிண்ட்டைத் திறக்கும் கேம் என்ற மேடு, கிராங்க் தண்டின் முனையில் சுற்றும் காந்தச் சக்கரமான மேக்னட்டின் நடுவிலேயே இருக்கிறது. மேக்னட் கிராங்கில் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் பாயிண்ட் இடைவெளி கச்சிதமாகவே இருக்கும், ஸ்பார்க்கும் நீலமாகவே வரும், வேளை மட்டும் தப்பிவிடும். முன்கூட்டியே வந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். நேரம் தாண்டி வந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய் வெடிக்கும்.

பார்க்கும் விதம் சுலபம். பிளக் ஓட்டையில் டயல் கேஜை மாட்டி பிஸ்டனின் உச்சியைக் கண்டுபிடியுங்கள். கேஜ் நம்மிடம் இல்லாவிட்டால் லேத் கடையில் இருக்கும். மேக்னட்டில் உள்ள ஜன்னல் வழியாகப் பாயிண்ட்டுக்கு நடுவே மிக மெல்லிய காகிதத்தைச் செருகி, எஞ்சின் சுற்றும் திசையில் மேக்னட்டை மெதுவாகத் திருப்பிக்கொண்டே காகிதத்தை லேசாக இழுங்கள். காகிதம் நழுவி வரும் நொடியில் பாயிண்ட் திறக்கிறது. அந்த நொடியில் கேஜ் என்ன சொல்கிறது என்று பாருங்கள். எங்கள் கேஜ் 1.8-க்குப் பக்கத்தில்கூட இல்லை.

புல்லர் போட்டு மேக்னட்டைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. கிராங்கில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் அரைவட்ட வடிவில் ஒரு சின்ன இரும்புத் துண்டு உட்கார்ந்திருக்கும். மேக்னட் கீ என்பார்கள். அது பாதி வெட்டுப்பட்டு, மேக்னட் அதன்மேல் வழுக்கி நகர்ந்திருந்தது. மழைக்கு முன்னால் ஆயில் சீல் மாற்றுவதற்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் மேக்னட்டைத் திறந்திருந்தார்கள். மாட்டும்போது உள்ளே ஆயில் துடைக்கப்படவில்லை, நட்டும் போதிய முறுக்கு இல்லை. பலர் நினைப்பதுபோல் மேக்னட்டைப் பிடித்து நிறுத்துவது கீ இல்லை. கூம்பாகச் சரிந்து போகும் டேப்பரும் அதை இறுக்கும் நட்டும்தான் பிடிக்கின்றன. கீ, மேக்னட் உட்காரவேண்டிய இடத்தைக் காட்டுவதற்கு மட்டும். டேப்பரில் ஆயில் படிந்திருந்தால் பிடிப்புப் போய், முழு அடியும் கீ மேல் விழும். அதனால் டேப்பரின் இரண்டு பக்கத்தையும் பெட்ரோலால் துடைத்து, காயவிட்டு, புதுக் கீ போட்டு, டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். மேக்னட்டைக் கழற்றச் சுத்தியல் வேண்டவே வேண்டாம், கிராங்க் கோணிவிடும். கீ மாற்றி, 1.8-ஐச் சரிபார்த்து, மாட்டி உதைத்தோம். பிடித்துக்கொண்டது.

சிடிஐ வண்டியிலும் இதே கதைதான். பாயிண்ட்டுக்குப் பதிலாகப் பிக்கப் காயில், அவ்வளவே. பெரிய ஜம்ப்பில் தப்பாக இறங்கிய பிறகோ, யாராவது மேக்னட்டைத் திறந்து மூடிய பிறகோ வண்டி திடீரென்று அடம்பிடித்தால் முதலில் இதைப் பாருங்கள்.

டூ ஸ்ட்ரோக்குக்கு என்றே இன்னொரு தனி வியாதி இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் பழகியவர்கள் இதை யோசிக்கவே மாட்டார்கள். இந்த எஞ்சினில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையே சைக்கிள் பம்ப் மாதிரி வேலை செய்கிறது. பிஸ்டன் ஏறும்போது பெட்ரோல் கலவையை அங்கே இழுக்கும், இறங்கும்போது மேலே தள்ளும். அந்த அறை ஒழுகினால் மேலே கம்ப்ரஷன் எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஒழுகும் இடங்கள் கிராங்கின் இரு பக்கத்து ஆயில் சீல்கள், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர், கேஸ்கெட்டுகள். மேக்னட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும். ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஸ்டார்ட் ஆனாலும் ஆக்சிலேட்டர் விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் கத்தும். அப்படி ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகும், சிலிண்டரில் இறுகி நின்றுவிடும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உள்ளே உறிஞ்சும். வெள்ளைப் புகை, ஆயிலில் ஊறிய பிளக், குறைந்துகொண்டே வரும் கியர் ஆயில். வெளியே சொட்டுக்கூட ஒழுகாமல் கியர் ஆயில் குறைந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

இதை உறுதிசெய்ய நாங்கள் பயன்படுத்துவது பழைய பிரஷர் பார்க்கும் கருவி, டாக்டர் கையில் கட்டுவாரே அது. அதன் முள் காட்டும் 300 மி.மீ. பாதரசம் என்பது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. கிராங்க் அறையைச் சோதிக்க அவ்வளவுதான் வேண்டும், கம்ப்ரஸர் வைத்து அதிகமாக ஏற்றினால் நல்ல சீலும் கழன்று வந்துவிடும். சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றி, இரண்டு வாயையும் ரப்பர் அடைப்பால் மூடி, ஒரு அடைப்பில் டியூபைச் செருகிக்கொள்ளுங்கள். பிளக் மாட்டியிருக்க, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, ரப்பர் பல்பை அழுத்தி 300 வரை ஏற்றுங்கள். முள் அப்படியே நின்றால் எஞ்சின் நல்லபடி இருக்கிறது. சரசரவென்று இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். மேக்னட் பக்கத்துச் சீல் கண்ணுக்குத் தெரியும். கிளட்ச் பக்கம் ஒழுகினால் கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அங்கே சோப்பு நுரை பூசினால் ஊதிக்கொண்டு வரும். கிராங்க் பிரிக்கச் சொல்லி யாராவது செலவு வைக்கும் முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே வந்த கலவை கார்புரேட்டருக்குத் திரும்பாமல் தடுக்கும் ரீட் வால்வைப் பார்ப்பது சுலபம். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் இதழ் ஓரமாக ஒளி கசியக்கூடாது. ஓரம் உடைந்திருந்தால் உதைக்கும்போது கார்புரேட்டர் வாய் வழியாகப் பெட்ரோல் திரும்பித் துப்பும். உடைந்த துண்டு எங்கே போயிற்று என்றும் தேடுங்கள். கம்ப்ரஷன் கேஜில் 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் கவலையில்லை, 100-க்குக் கீழே போனால் ரிங்கையும் போரையும் பார்க்க வேண்டிய நேரம். அளக்கும்போது ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்திருக்கட்டும். நெடுநாள் நின்ற வண்டி என்றால் சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். புகை வெளியே போக வழியில்லாமல் டூ ஸ்ட்ரோக் ஓடாது.

தண்ணீரில் விழுந்த வண்டிக்கு ஒரே ஒரு கட்டளை: பிளக்கைக் கழற்றாமல் உதைக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கை எடுத்து, வண்டியைப் பின்பக்கமாக நிமிர்த்திச் சைலன்சர் தண்ணீரை வடித்து, பிறகு தலைகீழாகச் சாய்த்து உதைத்து உள்ளே உள்ளதை வெளியேற்றுங்கள். ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலிசெய்த பிறகே புதுப் பிளக். கிராங்க் அறையில் தங்கும் ஈரம் பேரிங்கைத் தின்றுவிடும், ஆகவே அன்றைக்கே ஸ்டார்ட் செய்து சூடேற்றி விடுவது அவசியம்.

இன்னும் முடியாத வேலை ஒன்று கையில் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒருவரிடம் இறக்குமதியான பழைய 125 சிசி மோட்டோகிராஸ் வண்டி இருக்கிறது. காலையில் இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆகும். நன்றாகச் சூடான பிறகு நின்றால் ஆறும்வரை உயிர் வராது. இப்படிச் சூட்டில் மட்டும் வரும் கோளாறைச் சூட்டோடுதான் சோதிக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறிய பிறகு எல்லாம் சரியாகவே காட்டும். காட்டிலேயே மல்டிமீட்டர் வைத்து, மேக்னட் சுற்றும்போது மின்சாரம் தரும் ஸ்டேட்டர் காயிலின் ஓம்ஸ் அளந்தோம். ஆறியிருந்தபோது மேனுவலில் சொன்ன அளவுக்குள் இருந்தது, சூட்டில் திறந்த சர்க்கிட் ஆகிவிட்டது. செம்புக் கம்பி சூடேறினால் ஓம்ஸ் கொஞ்சம் கூடுவது இயல்பு. முழுக்கத் துண்டித்துப்போவது உள்ளே கம்பி விட்டுப்போனதன் அடையாளம். பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்களுக்குக் கோவையில் பஞ்சமில்லை. ஆனால் சிடிஐக்கு மின்சாரம் கொடுக்கும் இந்தக் காயிலில் கம்பி தலைமுடி அளவு மெல்லியது, சுற்றுகளும் ஆயிரக்கணக்கில். பழைய கம்பியின் கேஜ், சுற்றுகளின் எண்ணிக்கை, சுற்றும் திசை மூன்றையும் பிரிக்கும்போதே எழுதிவைத்துக்கொள்கிறவரிடம்தான் கொடுக்க வேண்டும். அப்படி ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். வந்ததும் முதல் வேலையாக அடுப்பு வெக்கையில் வைத்து ஓம்ஸ் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் மாட்டுவோம்.